10 ஆம்பியர் என்று அச்சிட்ட சின்ன ரிலே ஏன் அதற்குள்ளேயே திணறுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: ஒரே போர்டில் நான்கு நீல நிறச் சின்ன ரிலேக்கள், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சுகள். 5 வோல்ட் காயில் (மின்காந்தச் சுருள்), மூடியில் "10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி" என்று அச்சு. ஒன்று 1500 வாட் ஹீட்டரை ஓட்டுகிறது, இரண்டாவது பன்னிரண்டு எல்இடி விளக்குகளை, மூன்றாவது ஒரு சிறிய பம்பை. நான்காவது இன்னொரு கன்ட்ரோலருக்கு 5 வோல்ட் சிக்னல் கொடுக்கிறது. ஹீட்டர் பக்கம் போர்டு பழுப்பேறிவிட்டது. எல்இடி ரிலே இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டது. பம்பு நிற்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. சிக்னல் ரிலே கிளிக் என்கிறது, ஆனால் சில சமயம் சிக்னல் போய்ச் சேர்வதில்லை. போதாக்குறைக்கு, பெட்டி சூடானபின் சில ரிலேக்கள் இழுப்பதே இல்லை. நான்கையும் 30 ஆம்பியர் ரிலேயாக மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. இரண்டு கோளாறு இன்னும் மோசமாகும். 30 ஆம்பியர் வகையின் காயில் ஏறக்குறைய 0.9 வாட் கேட்கும். 5 வோல்ட்டில் அது 180 மில்லி ஆம்பியர். இப்போதே தள்ளாடும் சப்ளை அதில் படுத்துவிடும். பெரிய காண்டாக்ட் (ரிலேக்குள் தொட்டுப் பிரியும் உலோக முனை) சின்ன சிக்னலை இன்னும் மோசமாகக் கடத்தும். நீங்கள் சொன்ன ஐந்து கோளாறுக்கும் ஐந்து தனித்தனிக் காரணம். மூடியில் உள்ள 10 ஆம்பியர் என்பது மின்தடைச் சுமைக்கு (ஹீட்டர் போன்றதற்கு), குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட தடவைகளுக்குத் தந்த எண். மற்றதெல்லாம் போர்டு போடுகிறவர் தலையில்.

காயிலில் தொடங்குகிறேன். அங்கே கணக்கு சுலபம், ஆனால் பெரும்பாலோர் போடுவதில்லை.

இந்த வகை 5 வோல்ட் காயிலின் தடை 70 ஓம் அளவு. 71 மில்லி ஆம்பியர் இழுக்கும், 0.36 வாட். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) இழுப்பு வோல்ட்டேஜ் (ரிலே இழுக்கத் தேவையானது) 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட் என்று இருக்கும். அது அறை வெப்பத்தில், குளிர்ந்த காயிலுக்கான எண். ரிலேயை இழுப்பது வோல்ட்டேஜ் அல்ல, கரண்ட். காயில் செம்புக் கம்பி. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் தடை சுமார் 0.39 சதவீதம் ஏறும். பெட்டிக்குள் 55 டிகிரி என்று வையுங்கள். 20 டிகிரியிலிருந்து 35 டிகிரி கூடுதல். தடை 14 சதவீதம் ஏறிவிட்டது. இழுப்பு வோல்ட்டேஜ் 3.75 அல்ல, 4.26. அந்த ரிலே சற்றுமுன் வரை ஆனில் இருந்து, காயில் தன் சூட்டிலேயே இன்னும் 35 டிகிரி ஏறியிருந்தால், அணைத்த கையோடு மறுபடி போட 4.8 வோல்ட் வரை வேண்டியிருக்கும்.

அந்த 4.8 வோல்ட் காயிலுக்குக் கிடைக்கிறதா? யூஎல்என்2003 போன்ற டார்லிங்டன் டிரைவர் (இரண்டிரண்டு டிரான்சிஸ்டரை அடுக்கிக் காயிலை ஓட்டும் சிப்) வழியாக ஓட்டினால் அதிலேயே 0.8 முதல் 0.9 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் மிச்சம் 4.1. நான்கு ரிலேயும் சேர்ந்து 285 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது சப்ளையும் 0.1, 0.2 வோல்ட் சரிந்தால் 3.9. டேட்டாஷீட்டின் 75 சதவீதம் என்பது மிக மோசமான ரிலேக்கான வரம்பு. பல ரிலேக்கள் 60, 65 சதவீதத்திலேயே இழுத்துவிடும். மேசையில் எல்லாம் ஓடிப் பெட்டிக்குள் சில மட்டும் இழுக்காமல் போவது இதனால்தான். ரிலே கெட்டுப்போனதாக நினைத்து மாற்றுவார்கள், புதியது தற்செயலாகச் சீக்கிரம் இழுக்கிற ரகமாக இருக்கும், பிரச்சினை தீர்ந்ததாகத் தோன்றும்.

தீர்வு இரண்டு. 5 வோல்ட்டை விட முடியாது என்றால் டார்லிங்டனை எடுத்துவிட்டு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (மைக்ரோகன்ட்ரோலர் பின்னின் வோல்ட்டேஜிலேயே நன்றாகத் திறக்கும் டிரான்சிஸ்டர் வகை) போடுங்கள். அதில் விழுவது சில மில்லி வோல்ட்தான். சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டரும் போதும், பேஸுக்குத் தாராளமாகக் கொடுத்தால். 71 மில்லி ஆம்பியர் கலெக்டர் கரண்டுக்கு 4 மில்லி ஆம்பியர் அளவு பேஸில் போகட்டும், 3.3 வோல்ட் பின்னிலிருந்து 680 ஓம் சரியாக வரும். 10 கிலோ ஓம் போட்டு, டேட்டாஷீட்டில் பெருக்கம் 200 என்று இருக்கிறதே என்று நம்பினால், டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நின்று சூடாகும். பேஸிலிருந்து, மாஸ்ஃபெட் என்றால் அதன் கேட்டிலிருந்து, தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் கட்டாயம். மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் நேரத்தில் பின்கள் மிதக்கும், ரிலே தானாகத் துள்ளக்கூடாது.

இரண்டாவது தீர்வு, புதிய போர்டு என்றால் நான் முதலில் சொல்வது: காயிலை 12 அல்லது 24 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். அதே ரிலேயின் 12 வோல்ட் வகை 400 ஓம், 30 மில்லி ஆம்பியர். டார்லிங்டனில் அதே 0.9 வோல்ட் போனாலும் 12-இல் அது 7.5 சதவீதம்தான்; 5 வோல்ட்டில் 18 சதவீதம். ரிலே கரண்ட் லாஜிக் சப்ளையை விட்டும் ஒதுங்கிவிடும்.

இழுத்தபின் முழு வோல்ட்டேஜும் தேவையில்லை. ஆர்மேச்சர் (காயில் இழுக்கும் இரும்புத் தகடு) ஒட்டியதும் காற்று இடைவெளி மூடிவிடுவதால் பாதியளவே போதும். காயிலில் 60 சதவீதம் கொடுத்தால் வாட் 0.36-லிருந்து 0.13-ஆக இறங்கும். மைக்ரோகன்ட்ரோலரில் பிடபிள்யூஎம் (வேகமாகப் போட்டு அணைத்துச் சராசரியைக் குறைப்பது) செய்யலாம். அதைவிட எளிது, 12 வோல்ட்டுக்கும் காயிலுக்கும் நடுவே 270 ஓம், அதற்கு இணையாக 470 மைக்ரோஃபாரட். போட்டவுடன் கெப்பாசிட்டர் வழியே முழு 12 வோல்ட் கிடைக்கும், 15 மில்லி வினாடி கழித்தும் காயிலில் 11 வோல்ட் இருக்கும், பிறகு 7.2-இல் நிலைக்கும். ஒரு நிபந்தனை: அணைத்தபின் கெப்பாசிட்டர் காலியாக அரை வினாடி வேண்டும். அதற்குள் மறுபடி போட்டால் உதை கிடைக்காது. அதிர்வு உள்ள இடத்தில் எவ்வளவு இறக்கலாம் என்பதை டேட்டாஷீட்டின் பிடிப்பு வோல்ட்டேஜைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் போடுவது எல்லோருக்கும் தெரியும். அது ரிலே விடுபடுவதைத் தாமதமாக்கும் என்பது அவ்வளவு பரவலாகத் தெரியாது. டயோட் வழியே கரண்ட் மெல்ல அடங்குவதால் காண்டாக்ட் தயங்கித் தயங்கிப் பிரியும். ஆர்க் (பிரியும் காண்டாக்டுக்கு நடுவே எரியும் மின்பொறி) நீளும், லேசாக ஒட்டியிருந்த காண்டாக்டைப் பிய்க்கிற விசையும் குறையும். ஹீட்டருக்கு இது பரவாயில்லை. டிசி சுமை, மோட்டார், அடிக்கடி அணைக்கும் சுமை என்றால் டயோடோடு தொடராக ஒரு செனர் (குறிப்பிட்ட வோல்ட்டேஜைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கடத்தும் டயோட்) சேருங்கள். 12 வோல்ட் காயிலுக்கு 24 வோல்ட் செனர் நல்ல தேர்வு. அப்போது மாஸ்ஃபெட்டின் டிரெய்னில் 12-உம் 24-உம் சேர்ந்து 36-க்கு மேல் ஏறும். 30 வோல்ட் மாஸ்ஃபெட் சாகும். 60 வோல்ட் வகை போடுங்கள். யூஎல்என்2003-க்குள் ஏற்கெனவே டயோட் இருக்கிறது. அதன் பொதுக் கால் சப்ளையில் நேராகக் கட்டியிருந்தால், நீங்கள் வெளியே போடும் செனர் வேலையே செய்யாது.

இனி ஹீட்டர். 1500 வாட் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர். 10 ஆம்பியர் ரிலேக்கு இது தாராளம். சந்தேகம் ரிலேயைச் சுற்றி இருப்பவற்றின் மேல். வழக்கமான 35 மைக்ரான் செம்பில், வெளிப்பரப்பு டிராக் (போர்டின் செம்புப் பாதை) 6.5 ஆம்பியருக்கு 20 டிகிரி ஏற்றத்தை ஏற்றுக்கொண்டால் 2.6 மி.மீ. அகலம் வேண்டும், 10 டிகிரிக்குள் வைக்க 4 மி.மீ. முழு 10 ஆம்பியருக்கு இதே எண்கள் 4.8-உம் 7.2-உம். 16 ஆம்பியர் என்றால் 70 மைக்ரான் செம்பும் 4.5 மி.மீ. அகலமும், அதுவும் 20 டிகிரி ஏற்றத்தோடு. இவை ஐபிசி-2221 என்ற போர்டு வடிவமைப்புத் தரத்தின் சூத்திரத்தில் கணக்கிட்டவை. நடைமுறையில் இடம் உள்ளவரை அகலமாக்குங்கள், ஏனென்றால் அந்த டிராக் கரண்டுக்கு மட்டுமல்ல, ரிலேக்குள் பிறக்கும் சூட்டை வெளியே இழுக்கிற துடுப்பும் அதுதான்.

அந்தச் சூடு எவ்வளவு? டேட்டாஷீட்டில் காண்டாக்ட் தடை "அதிகபட்சம் 100 மில்லி ஓம்" என்றிருக்கும். உண்மையில் அவ்வளவு இருந்தால் 10 ஆம்பியரில் 10 வாட் பிறந்து ரிலே உருகிவிடும். நல்ல காண்டாக்டும் கால்களும் சேர்ந்து 10 மில்லி ஓம் அளவு என்று வையுங்கள்: 6.5 ஆம்பியரில் 0.42 வாட், 10-இல் 1 வாட், 16-இல் 2.56 வாட். காயிலின் 0.36 வாட்டை இது எளிதாகத் தாண்டிவிடுகிறது. தேய்ந்துபோன காண்டாக்டில் தடை மூன்று மடங்கானால் சூடும் மூன்று மடங்கு.

பழுப்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். டிராக் நெடுக என்றால் அகலம் போதவில்லை. ரிலே காலைச் சுற்றி மட்டும் வளையமாக என்றால் சால்டர் விரிசல். ஒற்றைப் பக்கப் போர்டில் சூடும் குளிரும் மாறி மாறி வந்து, காலைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பிளந்துவிடும். இரட்டைப் பக்கம், உள்ளே செம்பு பூசிய துளை, 1 மி.மீ. காலுக்கு 1.3 மி.மீ. துளை என்று போட்டால் இது பெரும்பாலும் வராது. ஸ்க்ரூ டெர்மினல் அடியில் என்றால் ரிலேயைக் குறை சொல்லாதீர்கள், ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். லே-அவுட் மென்பொருள் தானாகப் போடும் சக்கர ஆரம் போன்ற நான்கு மெல்லிய இணைப்புகளைக் கரண்ட் போகும் பேடுகளில் நீக்கி, செம்பை முழுமையாக நிரப்புங்கள். டிராக்கின் மேல் சால்டரைப் பூசுவது நினைக்கிற அளவுக்கு உதவாது; சால்டரின் மின்தடை செம்பைப் போலப் பல மடங்கு. அகலம் பற்றாது என்றால் டிராக் நெடுக ஒரு செம்புக் கம்பியைப் படுக்க வைத்து சால்டர் செய்யுங்கள்.

ஹீட்டரில் இன்னொரு பொறி, தெர்மோஸ்டாட் மென்பொருள். இந்த ரிலேக்களின் இயந்திர ஆயுள் 1 கோடி தடவை, மின் ஆயுள் முழுச் சுமையில் 1 லட்சம் தடவை என்பது பொதுவான எண். பிஐடி கன்ட்ரோல் (வெப்ப வித்தியாசத்தைப் பார்த்து ஆன் நேரத்தை மாற்றும் முறை) எழுதி 10 வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்தால் மணிக்கு 360 தடவை. 1 லட்சம் 278 மணியில், பன்னிரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும். 2 நிமிடச் சுற்று என்றால் ஏறக்குறைய 139 நாள். அதுவும் போதாது என்றால் ஹீட்டருக்கு ட்ரையாக் அல்லது சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் காண்டாக்ட் இல்லாத மின்னணு ஸ்விட்சுகள்) போட்டு, மெக்கானிக்கல் ரிலேயைப் பாதுகாப்புத் துண்டிப்புக்கு மட்டும் வைக்கலாம். அது நல்ல அமைப்பும்கூட. ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காது. ஆகவே எப்படியும் தொடரில் ஒரு வெப்ப ஃபியூஸோ தனி கட்-ஆஃபோ இருந்தே ஆகவேண்டும்.

இப்போது எல்இடி. பன்னிரண்டு விளக்கும் சேர்ந்து 1 ஆம்பியர்கூட வராது. பிறகேன் ஒட்டியது? விளக்குகளின் ஒவ்வொரு எல்இடி டிரைவரின் உள்ளேயும் ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதிக்கு) பின்னே காலி கெப்பாசிட்டர் காத்திருக்கிறது. ஏசி அலையின் உச்சியில், 325 வோல்ட்டில் காண்டாக்ட் மூடினால் சில நூறு மைக்ரோ வினாடிக்கு ஒரு டிரைவரே பத்து, இருபது ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டும் ஒரே நொடியில் இழுத்தால் வயரிங் தடுக்கிற அளவுக்குத்தான் தடை. 100 ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். மூடும்போது காண்டாக்ட் ஒரேயடியாக உட்காருவதில்லை, ஒன்றிரண்டு மில்லி வினாடி துள்ளும். துள்ளுகிற இடைவெளியில் ஆர்க் வெள்ளியை உருக்குகிறது, அடுத்த துள்ளலில் உருகிய இடத்தின் மேலேயே வந்து உட்காருகிறது, உறைகிறது. ஸ்பாட் வெல்டிங் மெஷினும் இதைத்தான் செய்கிறது.

ஆகவே இங்கே தேட வேண்டியது பெரிய ஆம்பியர் அல்ல, காண்டாக்டின் உலோகம். வெள்ளி-நிக்கல் மின்தடைச் சுமைக்கு நல்லது, மலிவு, உச்ச கரண்டில் ஒட்டும். வெள்ளி-டின் ஆக்சைடு ஒட்டுவதை நன்றாகத் தாங்கும். முன்பு வெள்ளி-காட்மியம் ஆக்சைடு இதற்குப் பேர்போனது. காட்மியம் நச்சு என்பதால் புதிய வடிவமைப்புகளில் அதைத் தொடாமல் இருப்பதே சரி. டேட்டாஷீட்டில் டிவி-5, டிவி-8 என்ற குறிகள் இருந்தால் அவை உச்ச கரண்ட் சோதனை தேறியவை: டிவி-5 என்பது 78 ஆம்பியர் உச்சம், டிவி-8 என்பது 117. விளக்குக்கென்றே செய்த ரிலேக்களில் டங்ஸ்டன் முன்-காண்டாக்ட் இருக்கும்; டங்ஸ்டன் முதலில் தொட்டு உச்சத்தை வாங்கிக்கொள்ளும், வெள்ளி பிறகு வந்து ஓடு-கரண்டைத் தாங்கும். இத்தகையவற்றில் "165 ஆம்பியர் 20 மில்லி வினாடி, 800 ஆம்பியர் 200 மைக்ரோ வினாடி" என்று உச்சம் இரண்டு விதமாகக் கொடுத்திருப்பார்கள். எல்இடிக்கு உதவுவது இரண்டாவது எண்.

மென்பொருளால் செய்யக்கூடியது, ஏசி பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் மூடுவது. ரிலே இழுக்க 5 முதல் 10 மில்லி வினாடி எடுக்கும்; ஒவ்வொரு ரிலேக்கும் வேறு. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி வினாடி. காண்டாக்ட் மூடிய கணத்தை ஒரு ஆப்டோகப்ளரால் (ஒளி வழியே சிக்னல் கடத்தி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கும் பாகம்) உணர்ந்து, அந்த ரிலேயின் தாமதத்தை அளந்து, அடுத்த முறை அதற்கேற்ப முன்கூட்டியே காயிலைப் போடுங்கள். ஆனால் எப்போதும் ஒரே பக்க அரைச் சுற்றில் மூடித் திறந்தால் டிசியில் நடப்பதுபோல் ஒரு காண்டாக்டின் உலோகம் மற்றதற்கு ஏறி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் கூம்பும் உண்டாகும். ஒருமுறை நேர் அரைச் சுற்று, அடுத்தமுறை எதிர் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பூஜ்யக் கடப்பு கெப்பாசிட்டர் சுமைக்கு மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் போன்ற சுமைக்கு அது நேர்மாறாக உச்ச கரண்டைக் கூட்டும்.

பம்பு நிற்கும்போது ரீசெட் ஆவது ரிலேயின் தேய்மானமல்ல, ஆர்க்கின் இரைச்சல். காண்டாக்ட் பிரியும்போது மோட்டாரின் சுருளில் உள்ள ஆற்றல் ஆர்க்காக வெடித்து, அருகில் உள்ள எல்லாக் கம்பியிலும் துடிப்புகளை ஏற்றுகிறது. 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் தடையும் தொடராக வைத்த ஸ்னபர் (துடிப்பை அடக்கும் சுற்று) முதல் மருந்து. கெப்பாசிட்டர் எக்ஸ்2, அதாவது மெயின்ஸுக்குக் குறுக்கே வைக்கவென்றே செய்த வகையாகவே இருக்கட்டும். சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டர் மெயின்ஸில் நேராக நிற்கப் பிறந்ததல்ல. ஸ்னபரை மோட்டாரின் முனையங்களில் வைப்பது நல்லது. காண்டாக்டுக்குக் குறுக்கே வைத்தால் ரிலே அணைந்திருக்கும்போதும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 7 மில்லி ஆம்பியர் கசியும். பம்புக்கு அது ஒன்றும் செய்யாது. அதே போர்டில் எல்இடி சேனலுக்கும் பழக்கதோஷத்தில் அதைப் போட்டால் அணைத்த விளக்குகள் மங்கலாக மினுங்கும். "ரிலே லீக் ஆகிறது" என்ற புகாரில் பாதி இதுதான். ஸ்னபரோடு 275 வோல்ட் ஏசி வாரிஸ்டரும் (மிகை வோல்ட்டேஜை உறிஞ்சும் பாகம்) மோட்டாருக்குக் குறுக்கே சேர்க்கலாம். காண்டாக்ட் வயர்களை ரீசெட் பின்னின் டிராக்கோடு இணையாக ஓடவிட்டிருந்தால் எந்த ஸ்னபரும் முழுதாகக் காப்பாற்றாது.

பம்பு டிசி மோட்டார் என்றால் கவனம் இரட்டிப்பாகட்டும். ஏசி ஆர்க் வினாடிக்கு நூறு முறை தானாகப் பூஜ்யத்தைத் தொட்டு அணைகிறது. டிசிக்கு அந்தச் சலுகை இல்லை. "10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி" என்ற அதே ரிலே 110 வோல்ட் டிசியில் அரை ஆம்பியர்கூடப் பிரிக்கத் திணறும். காண்டாக்ட் இடைவெளி அரை மி.மீ.கூட இருக்காது, ஆர்க் அதில் நிலையாக நின்று எரியும்.

சிக்னல் ரிலேயின் கோளாறு இதற்கெல்லாம் எதிர்த்திசை. வெள்ளிக் காண்டாக்டின் மேல் சல்ஃபைடு, ஆக்சைடு படலம் எப்போதும் படிந்துகொண்டே இருக்கும். பெரிய சுமையில் சின்ன ஆர்க் அதை எரித்துச் சுத்தம் செய்துவிடும். 5 வோல்ட்டில் இரண்டு மில்லி ஆம்பியருக்கு அந்தச் சக்தி இல்லை. இந்த வகையின் குறைந்தபட்சச் சுமை 5 வோல்ட் டிசி, 100 மில்லி ஆம்பியர் என்றே டேட்டாஷீட்டில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. இந்த சேனலில் ஆப்டோகப்ளர் போடுங்கள், அல்லது தங்கப் பூச்சுள்ள சிக்னல் ரிலே. தங்கப் பூச்சுள்ளதை ஒருமுறை பெரிய சுமையில் சோதித்துவிட்டு சிக்னலுக்குப் போடாதீர்கள். பூச்சு அந்த ஒருமுறையிலேயே எரிந்துபோகும்.

நீங்கள் கேட்காத, ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. இந்தச் சின்னச் சதுர ரிலேயைத் திருப்பிக் கால்களைப் பாருங்கள். ஒரு முனையில் மூன்று கால்: நடுவில் பொதுக் காண்டாக்ட், அதன் இருபுறமும் காயில் கால்கள். அதாவது மெயின்ஸ் ஏறும் கால், நம் கை படும் லோ வோல்ட்டேஜ் பக்கத்தின் இரு கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. மையத்திலிருந்து மையத்துக்கு சுமார் 6.3 மி.மீ.; 2.5 மி.மீ. பேட் போட்டால் மிச்சம் 3.8. 250 வோல்ட்டுக்கு, சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை) போர்டில், ஓரளவு சுத்தமான சூழலுக்கு அடிப்படைக் காப்பு 2.5 மி.மீ. மேற்பரப்புத் தூரம் கேட்கும். மனிதர் தொடக்கூடிய பக்கத்துக்கு வேண்டிய வலுவூட்டிய காப்பு அதன் இரு மடங்கு, 5 மி.மீ. தூசி, ஈரம் உள்ள சூழல் என்றால் 8 மி.மீ. எப்படிப் பார்த்தாலும் 3.8 போதாது. நடுவே 1 மி.மீ. அகலத்துக்குக் குறையாத வெட்டு போட்டால் போர்டின் மேல் தூரம் கூடும். ஆனால் ரிலேக்குள் காயிலுக்கும் காண்டாக்டுக்கும் உள்ள தூரத்தை எந்த வெட்டும் கூட்டாது. இவற்றில் பல, காயில்-காண்டாக்ட் இடையே 1500 வோல்ட் சோதனை மட்டுமே தேறியவை. யூஎஸ்பி கம்பி செருகுகிற போர்டில் இது போதாது.

அதனால்தான் புதிய போர்டுக்கு நீள்வடிவ வகையைச் சொல்கிறேன்: ஏறக்குறைய 29 மி.மீ. நீளம், 12.7 அகலம், 15.7 உயரம். ஓம்ரான் ஜி2ஆர்எல், ஷ்ராக் ஆர்டி, ஹாங்ஃபா எச்எஃப்115எஃப் எல்லாம் இந்தக் குடும்பம். காயில் கால்கள் ஒரு முனையில், காண்டாக்ட் கால்கள் மறுமுனையில், 5000 வோல்ட் சோதனை, 8 மி.மீ. பிரிவு. காயில் 0.4 வாட், 12 வோல்ட்டில் 360 ஓம், 33 மில்லி ஆம்பியர், இழுப்பு 70 சதவீதம், சதுர ரிலேயைவிடக் கொஞ்சம் தயவானது. 12 ஆம்பியர் வகையில் ஒவ்வொரு காண்டாக்டுக்கும் ஒரு கால், 16 ஆம்பியர் வகையில் இரண்டிரண்டு. அந்த இரண்டு காலையும் டிராக்கில் இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சால்டர் செய்துவிட்டு 16 ஆம்பியர் எதிர்பார்க்கக்கூடாது. இடம் மிகக் குறைவு, சுமையும் 6 ஆம்பியருக்குள் என்றால் 5 மி.மீ. அகலமே உள்ள மெல்லிய ரிலே இருக்கிறது, 28-க்கு 5-க்கு 15, காயிலுக்கு 0.17 வாட்தான். அதை உச்ச கரண்ட் உள்ள சுமைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எந்த வகையானாலும் பெரிய கரண்ட் ரிலேக்களை முதுகோடு முதுகு ஒட்டி அடுக்காமல் 5 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள்.

சுமையின் ஃபேஸ் கம்பியையே ரிலே துண்டிக்கட்டும், நியூட்ரலை அல்ல. துண்டித்தபின்னும் அரை மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது என்பதால் பழுது பார்க்கிறவருக்கு இது மெயின் ஸ்விட்ச் ஆகாது.

சால்டரிங்கில் ரிலே சாவது அதிகம். கையால் என்றால் 350 டிகிரி, காலுக்கு 3 வினாடி. ரிலேயின் பெட்டி எந்த அளவுக்கு மூடியது என்பதை ஆர்டி II, ஆர்டி III என்ற குறிகள் சொல்லும். ஆர்டி II-க்குள் ஃப்ளக்ஸ் (சால்டரோடு வரும் பிசின்) ஏறாது, ஆனால் அதைக் கழுவ முடியாது. ஆர்டி III முழுதாக மூடியது, கழுவலாம். ஆர்டி II-ஐ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் முக்கினால் கரைந்த ஃப்ளக்ஸ் உள்ளே போய்க் காண்டாக்டின் மேல் வார்னிஷ் போலக் காயும். பிறகு கிளிக் சத்தம் வரும், கரண்ட் வராது. அல்ட்ராசானிக் தொட்டி எந்த ரிலேக்கும் வேண்டாம். மூடியின் மேல் சின்ன முளை இருந்தால் அது கழுவி முடித்தபின் நறுக்கி எடுப்பதற்காக வைத்தது. முழுதும் மூடிய பெட்டிக்குள் ஆர்க் திரும்பத் திரும்ப அடித்தால் காற்றின் நைட்ரஜனும் ஈரமும் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி உள்ளேயுள்ள உலோகத்தைத் தின்னும். முளையை நறுக்கினால் அது வெளியேற வழி. பெட்டிக்குள் சிலிக்கோன் பசை பூசுகிறவர்கள் கவனிக்க: அதன் ஆவி ஆர்க்கில் பட்டு மணல் போன்ற சிலிக்கான் டை ஆக்சைடாகக் காண்டாக்டில் படியும். அது மின்சாரம் கடத்தாது.

உங்கள் போர்டில் இன்றே செய்யக்கூடியது: பெட்டியை மூடி ஒரு மணி நேரம் நான்கையும் ஆனில் ஓடவிட்டு, காயிலின் இரு கால்களில் நேராக வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள், 4.8-க்குக் கீழே என்றால் டிரைவரை மாற்றும் வேலை முதலில். மெயின்ஸ் பக்கத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, ஒரு தனி டிசி சப்ளையால் ஹீட்டர் ரிலேயின் காண்டாக்டில் 5 ஆம்பியர் ஓட்டி, ரிலே கால்களிலேயே மில்லி வோல்ட் எடுங்கள். 50-க்குள் இருந்தால் காண்டாக்ட் நலம். 150-ஐத் தாண்டினால், அல்லது ஒவ்வொரு கிளிக்குக்கும் எண் தாறுமாறாக மாறினால், ரிலேயைக் கழற்றிப் போடுங்கள். ஒட்டிய எல்இடி ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் விட்டுவிடும். விட்டதே என்று அதையே திரும்ப ஓட்டாதீர்கள், பிய்ந்த இடம் முள்முள்ளாக இருக்கும், அடுத்த ஒட்டல் முன்னதைவிடச் சீக்கிரம் வரும்.